பாடநூலும் பெற்றாரின் ஆட்சேபமும்

காத்தான்குடியில் நான் தமிழ் படிப்பித்த காலத்தில், ஒரு வாப்பா மகளின் இலக்கியப் புத்தகத்தோடு வந்தார். கம்பராமாயணப் பகுதி உள்ள பக்கத்தை மடித்து வைத்திருந்தார். "சேர், இது நம்மட புள்ளைகள் படிக்கிறதா? வேற பாடம் ஒண்டக் குடுக்க ஏலாதா?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்பது பெற்றாரின் உரிமை. மற்றப் பக்கங்களையும் வாசித்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல சேர், இந்தப் பக்கத்தத்தான் கண்ட."

"அப்ப கதை முழுவதையும் மகளிடம் கேட்டுவிட்டு வாங்க" என்று அனுப்பினேன்.

வாசிப்பை விட முறைப்பாட்டுக்கே மதிப்புக் கூடிய காலம் இது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் மாவோயிஸ்டுகள் பற்றிய அருந்ததி ராயின் நூல் 2017 முதல் ஆங்கில முதுகலைப் பாடத்தில் இருந்தது. 2020இல் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் முறையிட்டது, நூல் நீக்கப்பட்டது. அதைப் படித்துப் பரீட்சை எழுதிய மாணவர்களின் வாசிப்பை விட ஒரு முறைப்பாடு கனத்துப் போயிற்று.

அந்த முறை நமது வாசலுக்கும் வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர், நமது இஸ்லாம் பாடநூல்களில் தீவிரவாதக் கருத்துகள் இருப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, சில வகுப்புகளின் நூல்கள் திருத்தத்துக்காக நிறுத்தப்பட்டன. அப்போது நாம் என்ன கேட்டோம்? முழுப் புத்தகத்தையும் வாசித்தார்களா, முன்பின் இல்லாமல் ஒரு வரியை வெட்டியெடுப்பது நியாயமா என்றுதானே? கேள்வி சரிதான். ஆனால் கம்பனுக்கு மறுக்கும் நியாயத்தை நமது நூலுக்கு மட்டும் கேட்க நமக்கு வாய் வராது.

வணங்கச் சொன்னால் மறுக்கலாம். வாசிக்கச் சொல்வது வேறு. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்த அறிஞர். அதனால் அவர் முஸ்லிம் அல்லாமற் போய்விடவில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தை நாட்டுப்படலம், நகரப்படலம் என்று அமைத்ததும் தமிழ்க் காப்பிய மரபை உள்வாங்கித்தான். நாளைக்கு ஆரையம்பதியில் ஒரு தகப்பன், "சீறாவை எங்கட பிள்ளை ஏன் படிக்கவேணும்?" என்று கேட்டால், நாம் என்ன மறுமொழி சொல்வோம்? அதே மறுமொழியை முதலில் நமக்கு நாமே சொல்லிப் பார்க்கவேண்டும்.

ஆட்சேபமே கூடாது என்பதல்ல என் வாதம். தகவல் பிழையா, பிள்ளையின் வயதுக்குப் பொருந்தாததா, ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறதா? முழு நூலோடு வந்து கேட்கட்டும். ஆசிரியர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

அந்த வாப்பா அடுத்த கிழமை வந்தார். "இப்பவும் எனக்கு முழு மனசில்ல சேர். ஆனா அந்தத் தோணிக்காரன் குகன்ட கதைய மகள் சொல்லக்குள்ள, நானும் கேட்டுட்டுத்தான் இருந்தன்."

அந்த மனமின்மையை நான் மதிக்கிறேன். அது கேட்டறிந்தவரின் ஆட்சேபம்.