எலிக்கு எட்டிய கூழ் மனிதருக்கு எட்டுமா?

சென்ற மாதம் எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் நாளிதழ் நறுக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். புற்றுக்கட்டிக்குள் ஒரே ஊசியில் இரு மருந்துகளைக் கூழாகச் செலுத்தினார்களாம்; கட்டி மறைந்துவிட்டதாம். "சார், எங்க அம்மாவுக்கு இது கிடைக்குமா?" என்று கேட்டார். சோதனை நடந்தது எலிகளில் என்பது செய்தியின் கடைசி வரியில்தான் இருந்தது. அவருக்கு நான் சொன்ன விடையே இக்கட்டுரை.

முதலில் இக்கருத்தின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் மருந்தை இரத்தத்தில் ஏற்றினால் அது உடல் முழுதும் பரவுகிறது. கட்டியைச் சேர்வது சிறு பங்கே. எஞ்சியது எலும்பு மஜ்ஜையையும் குடலின் உட்சுவரையும் தாக்குகிறது. ஆகவே மருந்தைக் கட்டிக்குள்ளேயே வைத்துவிட முயல்கிறார்கள். இதற்கு உதவுவது நீர்க்கூழ், அதாவது ஹைட்ரோஜெல். நெய் குளிர்ந்தால் உறையும். சில பாலிமர்களின் நீர்க்கரைசல் இதற்கு நேர்மாறானது. குளிர்ந்திருக்கையில் ஊசியில் எளிதாக ஓடும். உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியசில் கூழாக இறுகும். அதனுள் அடைபட்ட மருந்து நாள்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். இரு மருந்துகள் இருந்தால், ஒன்றுக்குத் தப்பிய உயிரணு மற்றொன்றுக்கு இரையாகும். இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

குறை அளவில் இருக்கிறது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், எலியின் தோலடியில் வளர்த்த கட்டி ஏறத்தாழ 100 கன மில்லிமீட்டர் ஆனதும் 0.1 மில்லிலிட்டர் கூழைச் செலுத்துகிறார்கள். 0.1 மில்லிலிட்டர் என்பதும் 100 கன மில்லிமீட்டரே! கட்டி எவ்வளவோ கூழும் அவ்வளவு. மனிதரிடம் 5 செ.மீ. விட்டமுள்ள கட்டியின் பருமன் சுமார் 65 மில்லிலிட்டர். அதற்குள் அவ்வளவு கூழைச் செலுத்த இயலுமா?

அடுத்தது விரவல். விரவலால் ஒரு மூலக்கூறு நகர ஆகும் நேரம், தொலைவின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். மேற்சொன்ன எலிக் கட்டியின் ஆரம் ஏறத்தாழ 3 மி.மீ.; மனிதக் கட்டியின் ஆரம் 25 மி.மீ. தொலைவு 8 மடங்குக்குச் சற்று அதிகம். நேரமோ ஏறத்தாழ 70 மடங்கு. எலியில் அரை நாளில் விளிம்பை எட்டும் மருந்து, மனிதரில் 35 நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் இரத்த ஓட்டம் அதை அடித்துச் சென்றுவிடும். வழியிலுள்ள உயிரணுக்களும் பிடித்து வைத்துக்கொள்ளும். டாக்சோரூபிசின் என்னும் மருந்தின் செறிவு, இரத்தக் குழாயிலிருந்து 0.05 மி.மீ. தொலைவுக்குள்ளேயே பாதியாகிவிடுவதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இரு மருந்துகள் எனில் சிக்கலும் கூடுகிறது. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் இரண்டும் எல்லா உயிரணுக்களையும் ஒரே விகிதத்தில் தொடுகின்றன. திசுவில் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் செல்லும். கூழின் அருகே இரண்டும் இருக்கும். சற்றுத் தள்ளி ஒன்றே இருக்கும். அதற்கப்பால் எதுவும் இராது. அங்கே கூட்டு மருத்துவம் என்ற பெயருக்கே பொருளில்லை.

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. பேக்லிடாக்சல் மருந்தைத் தாங்கிய 'ஆங்கோஜெல்' என்னும் கூழ் விலங்குகளில் நம்பிக்கை அளித்தது. உணவுக்குழாய்ப் புற்று நோயாளரிடம் வழக்கமான மருந்து, கதிர் சிகிச்சை ஆகியவற்றுடன் அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் இல்லை என்பதே 2017இல் வெளியான முடிவு.

வெற்றியும் உண்டு. சிறுநீரகத்தின் உட்குழிவிலும் சிறுநீர்க்குழாயிலும் தோன்றும், தீவிரம் குறைந்த புற்றுக்கு மைட்டோமைசின் கூழ் 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருந்து பெற்ற 71 பேரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரிடம் கட்டி முழுதும் மறைந்தது. ஆயினும் 40 விழுக்காட்டிற்கு மேற்பட்டோருக்குச் சிறுநீர்க்குழாய் சுருங்கிற்று. இங்கே இருப்பது ஒரே மருந்து. அதைக் கட்டிக்குள் ஊசியால் குத்துவதில்லை, குழல் வழியே குழிவினுள் நிரப்புகிறார்கள். சிறுநீர் அடித்துச் செல்லாமல் மருந்தை உட்சுவரில் நிறுத்துவதே கூழின் வேலை. கடக்க வேண்டிய தொலைவு சிறிது, கூழும் வென்றது.

ஆகவே இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கட்டியின் அளவு என்ன? கூழிலிருந்து பல தொலைவுகளில் ஒவ்வொரு மருந்தின் செறிவையும் அளந்தார்களா? அதே மருந்துகளைக் கூழின்றிக் கட்டிக்குள் செலுத்தி ஒப்பிட்டார்களா? விடையில்லாத ஆய்வு பயனற்றது என்பதல்ல; அது இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: "இது நல்ல தொடக்கம், தம்பி. ஆனால் அம்மாவுக்கு இன்று கொடுக்கும் மருந்தை இதற்காக ஒரு நாளும் தள்ளிப்போடாதே." அவர் நறுக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'எலிகளில்' என்னும் ஒரு சொல்லை அந்தச் செய்தியின் தலைப்பிலேயே போட்டிருந்தால், அவர் அவ்வளவு ஆவலோடு ஓடிவந்திருக்க வேண்டியதில்லை.