அழுகையும் நரம்பொலியும்: ‘பதேர் பாஞ்சாலி’யின் பின்னணி இசை

திரைப்பட இசை பற்றி நம்மிடையே எழுதப்பெறும் திறனாய்வுகள் பெரும்பாலும் பாடல்களோடு நின்றுவிடுகின்றன. பாட்டு இசைத்தட்டில் தனித்து ஒலிக்கும். காட்சியின் துணையின்றியும் நிற்கும். பின்னணி இசையோ அத்தகையதன்று. அதனைக் காட்சியினின்றும் பிரித்தெடுத்து, ‘இன்ன இராகம், இன்ன கருவி, மிக இனிது’ என்று பாராட்டுதல், உள்ளுறையை விடுத்து உவமையை மட்டும் சுவைத்தலை ஒக்கும்.

தொல்காப்பியர் பறையையும் யாழையும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு ஒருங்கே வைத்துக் கருப்பொருளாக எண்ணினார். இசை, நிலத்திற்குப் புறத்தே நின்று அதனை அணிசெய்வதன்று. நிலத்தின் பொருள்களுள் தானும் ஒன்று என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். ஆகவே, பின்னணி இசையை மதிப்பிடுங்கால், ‘இஃது இனிதோ?’ என வினவுதலினும், ‘இவ்விடத்து இஃது என் செய்கின்றது?’ என வினவுதலே முறை என்பது நம் கருத்து. அவ்வினாவை ஒரு படத்தின்கண் வைத்து ஆராய்வாம்.

விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் வங்க நாவலைத் தழுவிச் சத்தியஜித் ரே இயக்கிய ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இல் வெளிவந்தது. இசையமைத்தவர் சித்தார் மேதை ரவிசங்கர். படத்தில் ஏறத்தாழப் பாதியையே அவர் முன்னதாகக் கண்டிருந்தார் என்பதும், ஏறத்தாழ 11 மணி நேரம் நீண்ட ஒரே அமர்வில் இசை பதிவாயிற்று என்பதும் பலரும் அறிந்தவை. இவ்விரைவை வியந்து போற்றுவார் உளர். விரைவு தன்னளவில் சிறப்பும் அன்று, குறையும் அன்று. விளைந்தது யாது என்பதே நோக்கத்தக்கது.

குழலில் எழும் முதன்மை மெட்டு நாட்டுப்புறச் சாயலுடையது; ஊரின் குரல் போலவே வருகின்றது. சிறுமி துர்க்கா மழையில் நனைந்தாடும் காட்சியில் சித்தார் தேஷ் இராகத்தை இசைக்கின்றது. இந்துஸ்தானி மரபில் தேஷ் கார்காலத்தோடு இயைந்தது. முல்லைக்குக் கார் என்றாற்போல எதிர்பார்க்கத் தக்க தேர்வே. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். அம்மழையே காய்ச்சலாய் மாறி அவள் உயிரைக் கொள்ளவிருக்கின்றது. இசையோ அதனை முன்கூட்டி உணர்த்த முயலவில்லை. சிறுமி அறியாததைத் தானும் அறியாது மகிழ்கின்றது. குறைந்த திறனுடைய இசையமைப்பாளர் ஈண்டு ஒரு சோகச் சுரத்தைப் புகுத்தியிருப்பார்.

படத்தின் உயிர்நிலை இதனின் வேறிடத்து உள்ளது. நெடுநாள் கழித்து வீடு திரும்பும் தந்தை அரிஹரன், மகள் இறந்தமை அறியான். தான் வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டுகின்றான். துர்க்காவிற்கென வாங்கிய புடவையைக் கையில் வாங்கிய தாய் சர்வஜயா உடைந்து அழுகின்றாள். அவள் வாய் திறக்கின்றது. குரல் நமக்குக் கேட்கவில்லை. அக்குரலின் இடத்தில் தட்சிணாமோகன் தாகூர் இசைத்த தார்ஷெனாய், பட்தீப் இராகத்தின் உச்சச் சுரங்களில் ஒலிக்கின்றது.

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்கண் பிறக்கும் என்பது தொல்காப்பியம். இத்தாயின் வாழ்வில் நான்கும் உள. மகள் திருடி என அண்டை வீட்டாரால் பழிக்கப்பட்டமை இளிவு, முன்னோர் தோட்டம் கைநழுவி வீடு இடிந்து நிற்றல் அசைவு, வறுமை படம் முழுதும் பரந்தது, இப்பொழுது இழவு. ஒரு பெண்ணின் இயல்பான கதறலைக் கேட்டிருப்பின், இழவு ஒன்றையே நாம் உணர்ந்திருப்போம். குரலை நீக்கி நரம்பை வைத்தமையால் அழுகை ஒரு கணத்திற்கு உரியதாகாது, அவள் இதுகாறும் அடக்கிவைத்த அனைத்திற்கும் உரியதாகின்றது. துயரை இசையால் அழகுபடுத்திவிட்டனர் எனக் குறை கூறுவார்க்கு நம் விடை, அவ்வொலி இனிமையானதன்று என்பதே. அது செவியைக் கீறுகின்றது.

கருவியின் தன்மையும் ஈண்டுக் கருதத்தக்கது. தார்ஷெனாய் என்பது எஸ்ராஜ் என்னும் வில்லிசை நரம்புக் கருவியில் உலோகக் கூம்பு பொருத்தியது. ஷெனாயை நினைவூட்டும் ஒலியுடையது. ஷெனாயோ நம் நாகசுரம் போல மணவீட்டு மங்கலக் கருவி. தோழியின் திருமணத்தைக் கண்கலங்கப் பார்த்து நின்ற துர்க்காவின் புடவைமீது மணக்கருவியின் சாயல் அழுகையாய் விழுகின்றது. இயக்குநர் இதனைக் கருதினாரோ இல்லையோ, பொருளின் புறத்தே தோன்றும் இறைச்சி என இதனைக் கொள்வதில் தவறில்லை.

இதனோடு வைத்து எண்ணத்தக்கது, 1960-இல் வெளிவந்த ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’. பெர்னார்ட் ஹெர்மன் அதற்கு நரம்புக் கருவிகளை மட்டுமே கொண்டு இசையமைத்தார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டா என இயக்குநர் முதலில் கருதியிருந்தார். ஹெர்மன் எழுதிக் காட்டியபின் உடன்பட்டார். ஆங்கே பெண்ணின் அலறலும் வயலின்களின் கீச்சொலியும் ஒருங்கே கேட்கின்றன. வயலின் கத்தியாகவும் உள்ளது, குரலாகவும் உள்ளது. அச்சத்திற்குப் பெருக்கல் பொருந்தும். அவலத்திற்குக் கழித்தலே பொருந்தியது.

இனி, இப்புகழ் யார்க்கு உரியது? குரலை நீக்கத் துணிந்தவர் ரே. இராகம் தந்தவர் ரவிசங்கர். வில்லை ஏந்தியவர் தாகூர். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே இப்படத்தின் சில பகுதிகளுக்குச் சித்தார் வாசித்திருக்கின்றார். பெயர்ப்பட்டியலில் காணும் ஒரு பெயரை மட்டும் பற்றிக்கொண்டு பாராட்டுவோர் இவற்றைக் கருதுவதில்லை. ‘ஜல்சாகர்’ (1958) படத்திற்கு விலாயத் கானையும் ‘தேவி’ (1960) படத்திற்கு அலி அக்பர் கானையும் இசையமைக்கச் செய்த ரே, 1961-இல் வெளிவந்த ‘தீன் கன்யா’ முதல் தம் படங்களுக்குத் தாமே இசையமைக்கலானார். அதனால் அவர்தம் படங்களின் இசை ஒழுங்கும் அளவும் பெற்றது. ‘சாருலதா’ (1964) அதற்குச் சான்று. எனினும் ஓர் இயக்குநரின் துணிவும் மற்றொருவரின் கைத்திறனும் எதிர்பாராது முட்டியதனால் பிறந்த அப்பட்தீப்பின் கூர்மை, அப்பிற்காலப் படங்களில் நமக்குக் கேட்கவில்லை.