நீரும் வளியும் கலந்த ஓட்டம்

பதுளைக்கு அணித்தான துன்ஹிந்த அருவி 64 மீற்றர் வீழ்ந்து நுரையாகின்றது. வளி கலந்த அந்நுரை நீரினும் எளிதில் அமுங்கும். அத்தகைய ஓட்டத்தைக் கணினியிற் கணிக்க, 2004 முதல் மூலநிரலொடு விலையின்றிக் கிடைக்கும் ‘ஓப்பன்போம்’ மென்பொருள் உதவுகின்றது. உரிமக் கட்டணம் செலுத்தவியலாத ஊவாத் தோட்டத்து மாணவனுக்கு இது பெரும்பேறே. ஆயின், அதனுடன் வரும் பயிற்சி குறையுடைத்து.

நீருக்கடியில் ஏறத்தாழப் பத்து வளிமண்டல அமுக்கமுள்ள குமிழொன்று வெடித்தெழும் ‘டெப்த் சார்ஜ்’ எடுத்துக்காட்டு, சில கட்டளைகளில் அழகிய படத்தைத் தந்துவிடுகின்றது; காரணத்தை வினவத் தூண்டுவதில்லை. ஒலி வினாடிக்கு நீரில் 1,500 மீற்றரளவும் வளியில் 340 மீற்றரளவும் செல்லும். இரண்டும் சரிபாதி கலந்த நுரையிலோ 20 மீற்றரளவே! இவ்வியப்பை அறியாதான், படம் பொய்த்தவிடத்து அதனை எங்ஙனம் கண்டுகொள்வான்? நுரையின் ஒலிவேகத்தை முதலில் தாளிற் கணிக்கச் செய்து, அதன் பின்னரே கட்டளையை இடுவித்தல் வேண்டும்.