புல்லட் டேங்கின் கைக்கோடு

சேரப்பணஞ்சேரிக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்நிறுவனத்தின் புல்லட் வண்டிகளில் பெட்ரோல் டேங்கின் வளைவையொட்டிச் செல்லும் மெல்லிய பொன்னிறக் கோடு தூரிகையால் கையாலேயே தீட்டப்படுவது. திருவொற்றியூர் ஆலையில் வேரூன்றிய இவ்வழக்கம் இயந்திர உற்பத்திக் காலத்திலும் நீடிக்கிறது.

மதிப்பீடு

அலங்காரம் தொழிலாளியின் உழைப்பை வீணாக்குகிறது என்றார் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ். புல்லட்டின் கோடு அதற்கு ஒரு மறுப்பு. அது டேங்கின் வடிவத்தை மறைப்பதில்லை. அதன் வளைவைக் கண்ணுக்கு எடுத்துக்காட்டுகிறது. ஒட்டுப்படத்தில் இல்லாத நுண்ணிய தடிப்பு வேறுபாடு கைக்கோட்டில் உண்டு.

ஆனால் இக்கலைக்கு ஓர் எல்லையும் உண்டு. கோட்டின் இடம், நிறம், போக்கு எல்லாம் முன்பே முடிவானவை. ஓவியரின் திறன் அவற்றைப் பிசகாமல் மறுபடி வரைவதில்தான் வெளிப்படுகிறது.

சென்னைக் கலைப்பள்ளியை 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் நிறுவினார். அங்கு 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். உலோக வேலை அறிந்த கைவினைஞர்களின் திறனிலிருந்து புதிய தொழில் ஒன்று பிறந்தது. கைத்திறனை அடையாளமாகப் பேணுவது ஒன்று, வடிவமைப்பில் அதற்கு இடம் தருவது வேறொன்று. ஒரகடத்தின் கோடு முதலாவதன் சிறந்த சான்று. இரண்டாவதன் தேவையை உணர்த்துவதும் அதுவே.