சாய்ந்த சாமியும் ஆலோசகரும்
திருப்பனந்தாள்னா குங்கிலியக் கலயர்தான் ஞாபகத்துக்கு வருவார். சாய்ந்திருந்த லிங்கத்தைத் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினவர். அது ஏன் சாய்ஞ்சுது? தாடகை என்ற பெண் மாலை சாத்தும்போது ஆடை நழுவியது. கையில் மாலை; முழங்கையால் ஆடையை இடுக்கிக்கொண்டு தவித்தாள். சாமியே தலையைச் சாய்ச்சு வாங்கிக்கிட்டார். இந்த முதல் பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை.

தன்பாலீர்ப்புள்ள பிள்ளையை "சரி பண்ணிக் குடுங்க"ன்னு ஆலோசகரிடம் கூட்டிவருகிற பெற்றோரும் அன்பால்தான் இழுக்கிறார்கள். ஆனால் கயிறு பிள்ளையின் கழுத்தில்.

2021இல் ஒரு பெண் ஜோடியின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது முழுசாப் புரியலைன்னு ஒத்துக்கொண்டு ஓர் உளவியல் நிபுணர் முன்னால் போய் உட்கார்ந்தார். பிறகு, ஜூன் 7 அன்று, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை. எனக்கென்னவோ தடையைவிட அந்த உட்கார்தல்தான் பெரிசாத் தெரியுது.

கதை, ஓவியம், நாடகம்னு படைப்புவழி ஆலோசனை இப்போ நிறையப் பேசப்படுது. நிமிர்த்துறதுக்கே அது பயன்பட்டா, வண்ணம் பூசின கயிறுதான். 2014இல் சென்னையில் திருநர்களே தொடங்கிய பன்மை நாடகக் குழு சிகிச்சைன்னு பேர் வைக்கவில்லை. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி நடித்தார்கள். பார்க்க வந்தவர்கள்தான் கொஞ்சம் சாய வேண்டியிருந்தது.