பால் கோவாவில் இருக்கட்டும், டீயில் வேண்டாம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குத் துணையாக எதையாவது குடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்களுக்கு ஒரு பெரிய சந்தோஷம் இன்னும் பாக்கி இருக்கிறது. நீலகிரி இலைத்தேயிலை ஒரு டீஸ்பூன், கொதித்த தண்ணீர் ஒரு டம்ளர், மூன்று நிமிடம். அவ்வளவுதான், வடிகட்டிவிடுங்கள். பால் வேண்டாம், சர்க்கரை கூடவே கூடாது. விறகடுப்பிலிருந்து இறங்கிச் சூடு முழுக்க ஆறாத கோவாவில், நெய் கசிந்து பட்டர் பேப்பர் நனையும்போதே ஒரு விள்ளல் வாயில் போட்டு, அது கரைந்து முடிவதற்குள் அந்தச் செம்பொன் நிற டீயில் ஒரு மடக்கு. அடடா!

இதற்கு ரசாயனக் காரணமும் உண்டு. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணம் பாலிஃபீனால்கள். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். டீக்கடையில் பால் விழுந்ததும் துவர்ப்பு அடங்குவது இதனால்தான். அதே வேலையைக் கோவா வாய்க்குள் செய்கிறது. கிளாசிலேயே கலந்தால் இலையின் வாசனையும் பாலுக்குள் அமுங்கிவிடும். வாயில் கலந்தால் வாசனை முதலில் வந்து மூக்கில் ஏறும், அப்புறம் துவர்ப்பு வந்து இனிப்பை வெட்டும், நாக்கு மறுபடி கோவா கேட்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது என்று அடித்துச் சொல்வேன். சாத்தூர் காரச்சேவுக் கட்சிக்காரர்கள் மன்னிக்கவும்.

இதைச் சொல்லும் நான் டஸ்ட் டீயில் வளர்ந்த ராஜபாளையத்துக்காரன். 1936-ல் ராஜபாளையம் மில் தொடங்கியதிலிருந்து ஷிப்டுக் கணக்கில் தூங்கி எழுந்த ஊர் இது. ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவருக்குச் சாயம் கட்டியாக இறங்கிய டீதான் தேவை. அந்தச் சாயத்துக்கு வழி செய்த, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. எந்திரம் 1930-களில் அசாமில் வந்தது. துகள் சிறுக்கச் சிறுக்கச் சாயம் வேகமாக இறங்கும். நம்மூர் டீயின் பலமே அதுதான். என் தேயிலை அலமாரியிலும் டஸ்ட் டீ டப்பாவுக்குத்தான் முன்வரிசை. காலை ஆறு மணிக்கு என்னால் ஊலாங் தேயிலை ஆராய்ச்சி செய்ய முடியாது.

மற்ற வரிசைகள் ஊரின் மேற்கே தெரியும் மலையில் தொடங்குகின்றன. மலையின் இந்தப் பக்கம் செண்பகத்தோப்பு, சாம்பல் நிற அணில். அந்தப் பக்கம் மேகமலை, தேயிலை எஸ்டேட். 2021-ல் அறிவித்த புலிகள் காப்பகத்தின் பெயரிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரும் மேகமலையும் சேர்ந்திருக்கின்றன. புலி குறுக்கே போய்விடும். நாம் தேனி மாவட்டம் சுற்றி, சின்னமனூர் போய், 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஏறுங்கள், வீண்போகாது.

அடுத்த வரிசையில் இலங்கை ஊவா டப்பாவும் டான்டீ பாக்கெட்டும் ஒட்டி இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன். இலங்கையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை போட்டார். பிறகு இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, மலையெல்லாம் தேயிலை ஆனது. அங்கே கொழுந்து பறித்தவர்களில் நம் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமை ஜனங்கள் ஏராளம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. ஊவா இலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஒரு குளிர்ந்த வாசனை ஏறும். டான்டீயில் அது வராது. ஆனால் அந்தக் கதை தெரிந்தபின் இரண்டையும் தனித்தனியே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவத் தேயிலையைக் கட்டாயம் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். திராட்சை வாசனை அடிக்கும், ஒரு பொட்டு எசன்ஸ் கிடையாது! தத்துப்பூச்சி கொழுந்தைக் கடிக்க, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருட்களில் பிறக்கும் மணம் அது. பூச்சி அரித்தால் மருந்தடிக்க ஓடும் ஊர்க்காரனான எனக்கு இது பேரதிசயம்.

ஊலாங்கை மூக்கை விடக் கண்ணால்தான் அதிகம் குடிப்பேன். குண்டுமணி அளவுக்கு இறுகச் சுருட்டிய பச்சை உருண்டைகள். கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர் விட்டதும் ஒன்று மெல்ல அவிழும், காம்பு நீளும், ஓரம் லேசாகச் சிவந்த முழு இலை ஒன்று விரிந்து நிற்கும். அதே இலைக்கு நாலைந்து தடவை தண்ணீர் விடலாம், ஒவ்வொரு தடவையும் ருசி மாறும். சீனத்து யுன்னானின் புவர் டீ வேறு ரகம். வறட்டி மாதிரி தட்டி அடுக்கி, வருஷக்கணக்கில் பழுக்க வைப்பார்கள். முதல் வட்டு வீட்டுக்கு வந்த அன்று மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இத அடுக்களையில வைக்கவா, மாட்டுத் தொழுவத்துலயா?" என்றாள். இப்போது விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலில் அதைக் கேட்பவள் அவள்தான்.

கிரீன் டீ கசக்கிறது என்று ஒதுக்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கொதிக்கிற தண்ணீர்தான் வில்லன். அதற்கு 75-80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் எதற்கு, ஆத்தத் தெரியாதா நமக்கு? இலை போடுவதற்கு முன்னால் வெறும் சுடுதண்ணீரை இரண்டு டம்ளரில் நாலு ஆத்து ஆத்தி, பிறகு இலைமேல் விடுங்கள். தண்ணீரிலும் கவனம் வேண்டும். போர் தண்ணீரில் போட்டால் டீ மங்கி, மேலே ஆடை மாதிரி ஒரு படலம் கட்டும். எங்கள் ஊர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்து மலைத் தண்ணீர் வரும் நாளில் அதே இலை பளிச்சென்று பேசும். அலமாரி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். இறுக்கமான எவர்சில்வர் டப்பா, வெளிச்சம் படாத இடம், ஒரு தடவைக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வாங்காத கட்டுப்பாடு, இவை போதும். கடைசியாகச் சொன்னதை நான் கடைப்பிடிக்கிறேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த அலமாரியிலேயே என் செல்லம், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீலகிரியில் உறைபனி இறங்கும் காலத்தில் பறிக்கும் இலை. குளிரில் கொழுந்து நிதானமாக வளர்வதால் மணம் செறிந்திருக்கும், துவர்ப்பு கைக்கடக்கம். நீலகிரித் தேயிலைக்கு இன்னொரு குணமும் உண்டு: ஐஸ் போட்டாலும் கலங்காது, கண்ணாடியாகத் தெளிந்தே நிற்கும். கரிசல் வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? ராத்திரி ஒரு ஜாடி பச்சைத் தண்ணீரில் இலையைப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், அடுப்பே வேண்டாம். மறுநாள் மத்தியானம் வடிகட்டி, சப்பட்டை மாம்பழம் நாலு கீற்று அரிந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் குடித்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அதன்பிறகு ஜாடி மிஞ்சுவதில்லை.