பண்டை எகிப்திய மொழியில் வினை: பொருளும் திரிபும்

வழக்கொழிந்த மொழியொன்றைக் கற்பார்க்குப் பெயர்ச்சொல் எளிதிற் கைகூடும். வினைச்சொல் அத்துணை எளிதில் வயப்படாது. 1822 இல் சம்போலியன் எகிப்திய எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்தினார். எனினும், அம்மொழியின் வினை பற்றிய வழக்கு இன்றும் முற்றத் தீர்ந்திலது. அவ்வழக்கில் அறிஞர் கொண்ட கோட்பாடுகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடர்ப்பாட்டின் முதற்காரணம் எழுத்தேயாம். எகிப்தியர் மெய்யொலிகளை மட்டுமே எழுதினர். 'கேள்' என்னும் பொருளுடைய வினையை இலக்கண நூலார் வாய்பாடாகக் கொள்வர். அதனைச் 'செஜெம்' என நாம் ஒலிப்பது வசதி நோக்கியேயன்றிப் பண்டையோர் ஒலித்தவாறு அன்று. 'அவன்' என்னும் பொருள்தரும் விகுதி சேர, அது 'செஜெமெஃப்' ஆகும். இவ்வொரு வடிவமே இடம் நோக்கிக் 'கேட்கின்றான்' எனவும், 'கேட்பானாக' எனவும், 'அவன் கேட்க' எனவும் பொருள்படும். உயிரொலியால் வேறுபட்டிருந்த பல வடிவங்கள் எழுத்தில் ஒன்றாய்த் தோன்றுகின்றன என்பது அறிஞர் துணிபு. எகிப்தியத்தின் இறுதிநிலையாகிய கொப்திய மொழி இத்துணிபுக்கு அரண் செய்கின்றது. அது கிரேக்க நெடுங்கணக்கைத் தழுவியமையின் உயிரொலிகளையும் காட்டும். அதன்கண் 'கோத்' என்பது கட்டுதலையும், 'கேத்' என்பது கட்டப்பட்டிருத்தலையும் குறிக்கும். உயிரொலி ஒன்றே பொருளை மாற்றுதல் காண்க.

பேர்லின் அறிஞர் அடொல்ப் எர்மானும், 1899 முதல் 1902 வரை எகிப்திய வினை பற்றிய பெருநூலை வெளியிட்ட குர்ட் சேத்தேயும் இவ்வடிவங்களைத் தொகுத்து வகுத்தனர். 1927 இல் வெளிவந்த அலன் கார்டினரின் இலக்கணம் அம்முயற்சியை ஆங்கில நாட்டில் வளர்த்தது. 'விரும்பு' எனப் பொருள்படும் 'மெரி' முதலிய வினைகள் மெய் இரட்டித்து 'மெரெரெஃப்' எனவும் வரும். அவ்வடிவம் தொடர்ந்தோ மீள மீளவோ நிகழும் செயலை உணர்த்துமென்றார் கார்டினர். எடுத்துக்காட்டுகளின் வளத்தால் அந்நூல் இன்றும் போற்றத்தக்கது. ஆயினும், இவ்விளக்கம் எல்லா வாக்கியங்களுக்கும் பொருந்தவில்லை.

1944 இல் யெரூசலேம் அறிஞர் பொலொட்ஸ்கி வேறொரு வழி கண்டார். கொப்திய மொழியில், 'எங்கிருந்து', 'எப்போது', 'எதனால்' என்பவை போன்ற அடைமொழிகளிலே அழுத்தம் விழும்போது வினை தனி வடிவு கொள்ளுதலை அவர் நோக்கினார். பழைய மொழியின் இரட்டித்த வடிவும் அத்தகையதே. அது பெயர்த்தன்மை எய்திய வினை என நிறுவினார். தமிழறிந்தார்க்கு இது விளங்காததன்று. 'அவன் நேற்று வந்தான்' என்புழி வந்தமையே செய்தி. 'அவன் வந்தது நேற்று' என்புழி வந்தமை முன்னரே அறிந்தது, நாளே செய்தி. இஃது அமைப்பின் ஒப்புமை மாத்திரமே. இதுகொண்டு இருமொழிக்கும் உறவு கூறப் புகுதல் பிழையாம். எகிப்தியம் செமித்திய மொழிகளோடு ஒரு பெருங்குடும்பத்தைச் சார்ந்தது.

பொலொட்ஸ்கியின் கண்டுபிடிப்பு பெரிது; அதனை அவரும் அவர் வழிவந்தோரும் விரித்தவாறு மிகையாயிற்று. வினைவடிவங்கள் பெரும்பாலனவும் பெயராகவோ, பெயரடையாகவோ, வினையடையாகவோ நிற்பனவென அவர் 1976 இல் எழுதிய ஆய்வு கொள்ளும். அங்ஙனமாயின் பயனிலையாய் நிற்கும் வினைக்கு இடமே அருகிவிடும். 1990 இல் மார்க் கோலியர் இதனை மறுத்து, வினையடை எனப்பட்டவற்றுட் சில உண்மையில் வினைகளே எனக் காட்டினார். அம்மறுப்புத் தக்கதே.

இவ்வழக்கிலே சொற்பொருள் பின்தள்ளப்பட்டமை ஒரு குறை. 1889 இல் எர்மான் விளக்கிய நிலைவடிவை நோக்குக. அது பாபிலோனியர் வழங்கிய அக்காத்திய மொழியின் நிலைவினையோடு இனமுடையது. கேட்டல் போன்ற செயப்படுபொருள் குன்றாவினை, நிறைவுற்ற செயலைச் 'செஜெமெநெஃப்' என்னும் வாய்பாட்டாற் கூறும். வருதல், செல்லுதல் முதலியனவோ பெரும்பாலும் நிலைவடிவை ஏற்று, 'வந்து நிற்கின்றேன்' என்றாற் போல வரவையும் அதன் பயனையும் ஒருங்குணர்த்தும். குன்றாவினை அவ்வடிவை ஏற்பின், பொதுவாகச் செயப்பாட்டுப் பொருள் தரும். 'அறிய வருதல்' என்னும் பொருளுடைய 'ரெக்' அதனை ஏற்றவிடத்து, 'அறிவேன்' என்றாகும். ஆகவே, வினையின் இயற்பொருளை விடுத்துத் திரிபை மட்டும் ஆராய்தல் பயனின்று.

இவ்வாராய்ச்சி இலக்கணிகளின் விளையாட்டன்று. 'அரசன் அங்கே சென்றான்' என மொழிபெயர்ப்பதற்கும், 'அரசன் சென்றது அங்கே' என மொழிபெயர்ப்பதற்கும் இடையே கல்வெட்டின் கருத்தே வேறுபடும். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்னும் நமக்குப் பழகிய பாகுபாட்டை முன்வைத்து அதனுள் அம்மொழியை அடைக்க முயன்றதே முன்னையோர் பலர் இடர்ப்பட்ட இடம். வடிவு, நிற்குமிடம், சொற்பொருள் ஆகிய மூன்றையும் ஒருங்கு நோக்குவார்க்கே எகிப்திய வினை தன் பொருளை வெளியிடும்.